வானத்தை அடைக்கிறவர்கள் பெயரைச் சொல்லிவிட்டு அடைக்கட்டும்

உலக நாடுகளுக்கான அலைவரிசை விதிகளை வகுக்கும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வானொலி ஒழுங்குமுறை வாரியத்துக்கும், 2027இல் ஷாங்காயில் நடக்கும் உலக வானொலித் தொடர்பு மாநாட்டுக்குப் போகவிருக்கும் உறுப்பு நாடுகளின் பிரதிநிதிகளுக்கும்,

உங்கள் மாநாட்டுப் பட்டியலில் 1.5 என்ற எண்ணில் ஒரு விவாதப் பொருள் இருக்கிறது. வானத்தில் ஓரிடத்தில் நிற்காமல் பூமியைச் சுற்றி ஓடும் செயற்கைக்கோள்களோடு பேசும் டிஷ்கள், ஒரு நாட்டின் அனுமதி இல்லாமல் அந்த நாட்டுக்குள் இயங்குவதை எப்படிக் கட்டுப்படுத்துவது என்பதுதான் அதன் சாரம். பட்டியலை இரண்டு முறை முழுவதும் படித்தேன். அதே டிஷ்களின் மேல் ரேடியோ இரைச்சலைக் கொட்டி ஊர் ஊராக முடக்கும் அரசுகளை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று அதில் ஒரு பொருளும் கண்ணில் படவில்லை. அதனால்தான் இந்த மடல்.

நான் சரக்குக் கப்பலில் மின்-மின்னணு அதிகாரி. கப்பலில் எங்களைப் 'பத்தி சாப்' என்று கூப்பிடுவார்கள், விளக்குக்காரர் என்று பொருள். விளக்கு மட்டும் இல்லை. ரேடார், ஜிபிஎஸ், அபாய அழைப்புக் கருவிகள், செயற்கைக்கோள் இணைய டிஷ் எல்லாம் என் பொறுப்பு. நான் சட்டம் படித்தவன் இல்லை. ஆனால் நீங்கள் ஜெனீவாவில் 'தீங்கான குறுக்கீடு' என்று எழுதுவது கடலில் எப்படி வந்து இறங்குகிறது என்பதைப் பலமுறை பார்த்தவன்.

முதல் தடவை அது நடந்தது சில வருடங்களுக்கு முன்னால், கிழக்கு மத்தியதரைக் கடலில். இரவு ஒன்றரை மணிக்கு, கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜிலிருந்து போன். "பத்தி சாப், ரெண்டு ஜிபிஎஸ்ஸும் போயிடுச்சு, உடனே மேல வாங்க." போய்ப் பார்த்தால் அலாரம் மேல் அலாரம். மின்னணுக் கடல்வரைபடத்தில் கப்பல் கரையேறி, ஒரு விமான நிலையத்தின் ஓடுபாதையில் நின்றுகொண்டிருந்தது. எங்களைச் சுற்றிப் பதினைந்து இருபது கப்பல்களும் அதே ஓடுபாதையில் குவிந்திருந்தன. கேப்டன் அதைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். ரேடாரில் கரை முனையின் தூரத்தையும் திசையையும் எடுத்து, பென்சிலால் காகித வரைபடத்தில் குறித்துக்கொண்டிருந்தார்.

நான் என்ன செய்தேன்? கோளாறு என் வயரில்தான் என்று நினைத்தேன். டார்ச்சை எடுத்துக்கொண்டு பிரிட்ஜின் கூரைக்கு ஏறினேன். ஆன்டெனா இணைப்பில் தண்ணீர் போகாமல் சுற்றியிருந்த ரப்பர் டேப்பைப் பிரித்தேன். கேபிளில் ஐந்து வோல்ட் வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்தேன், வந்தது. கனெக்டரைத் துடைத்தேன், மறுபடி சுற்றினேன், அடுத்த ஆன்டெனாவுக்குப் போனேன். காற்றில் டேப் கையில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. ஒன்றரை மணி நேரம் இப்படியே போயிற்று. அப்புறம் கீழே வந்தபோது, எல்லாக் கப்பல்களும் கேட்கும் விஎச்எஃப் ரேடியோ சேனல் 16இல் யாரோ ஒருவர் சோர்ந்த குரலில் கேட்டுக்கொண்டிருந்தார்: "இங்கே யாருக்காவது ஜிபிஎஸ் கிடைக்கிறதா?" நாலைந்து கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக இல்லை என்றன. அப்போதுதான் புரிந்தது. என் கேபிளில் எந்தக் குறையும் இல்லை. யாரோ வேண்டுமென்றே செய்துகொண்டிருந்தார்கள்.

அந்தக் கடல் பகுதிக்கு எந்த எச்சரிக்கையும் வந்திருக்கவில்லை. கடலில் ஒரு மரக்கட்டை மிதந்தால்கூட 518 கிலோஹெர்ட்ஸில் நேவ்டெக்ஸ் என்ற கடல் எச்சரிக்கைச் செய்தி வரும். வானத்தையே அடைத்ததற்கு ஒரு வரிகூட வரவில்லை. எந்த நாடும் பின்னாலும் அதற்குப் பொறுப்பேற்கவில்லை. நாங்கள் எழுதியனுப்பிய அறிக்கைக்கு, கப்பல் பதிவாகியிருக்கும் கொடி நாட்டின் அலுவலகத்திலிருந்து பெற்றுக்கொண்டோம் என்ற பதில் வந்தது. அதோடு சரி.

அன்று இரவு என்னை மிகவும் பயமுறுத்தியது வேறு ஒன்று. அபாய அழைப்புக் கருவியில் சிவப்பு மூடிக்கு அடியில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அமுக்கினால் கப்பலின் அடையாளத்தோடு அது இருக்கும் இடமும் தானாகவே போகும். இடத்தை அந்தக் கருவி ஜிபிஎஸ்ஸிடமிருந்துதான் வாங்குகிறது. அன்றைக்கு எங்களுக்குத் தீப்பிடித்து, பதற்றத்தில் யாராவது அதை அப்படியே அமுக்கியிருந்தால், எங்களைத் தேடுகிறவர்களுக்கு ஓடுபாதையின் முகவரிதான் போயிருக்கும். உங்கள் அமைப்புச் சாசனத்தின் 46ஆவது பிரிவு, அபாய அழைப்புக்கு எல்லாவற்றுக்கும் மேலான முன்னுரிமை என்கிறது. இரைச்சலைக் கொட்டி சிக்னலை அடைக்கும் ஜாமருக்கு எதிரிலும் அந்த முன்னுரிமை நிற்க வேண்டாமா?

இணையத்தைப் பற்றித் தொடங்கிவிட்டு ஜிபிஎஸ்ஸைப் பற்றிப் பேசுகிறானே என்று நினைக்காதீர்கள். இரண்டும் இன்று ஒரே கதை. ஏன் என்று சொல்கிறேன்.

முன்பு செயற்கைக்கோளை முடக்க நினைத்த அரசுகள் அதை நேரடியாகவே தாக்கின. ஒளிபரப்புச் செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில், வானத்தில் அசையாமல் ஒரே இடத்தில் நிற்பது. தரையிலிருந்து பெரிய டிஷ்ஷை அதை நோக்கித் திருப்பி, அதே அலைவரிசையில் இரைச்சலை ஏற்றினால் போதும். 2009இலும் 2010இலும் பாரசீக மொழிச் செய்தி ஒளிபரப்புகளை இப்படித்தான் ஐரோப்பிய நிறுவனமான யூட்டெல்சாட்டின் செயற்கைக்கோள்களில் முடக்கினார்கள். செயற்கைக்கோளில் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவியான டிரான்ஸ்பாண்டர் ஒன்றிலேயே சேர்ந்திருந்த வேறு நாடுகளின் சேனல்களும் சேர்ந்தே போயின. 2010 மார்ச்சில் இதே வாரியம் ஈரானிடம், குறுக்கீடு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்துங்கள் என்று கேட்டுக்கொண்டது. 2012 அக்டோபரில் மறுபடி நடந்தது. அந்த முறை சிரியாவிலிருந்து வருகிறது என்று யூட்டெல்சாட் சொன்னது.

ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார்லிங்க் போன்ற செயற்கைக்கோள் இணையச் சேவைகள் வந்தபோது இந்த வழி கடினமாயிற்று. சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில், நொடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ஆயிரக்கணக்கான செயற்கைக்கோள்கள். ஒன்றைத் துரத்துவதற்குள் டிஷ் அடுத்ததற்கு மாறிவிடும். அதனால் தாக்குகிறவர்கள் கீழே இருக்கும் டிஷ்ஷின் பக்கம் திரும்பினார்கள். டிஷ்ஷுக்கு வானத்திலிருந்து இறங்கும் கேயூ என்ற அலைவரிசையில் அருகிலிருந்தே இரைச்சலைக் கொட்டுவது ஒரு வழி. அதைவிட மலிவான வழி ஜிபிஎஸ்ஸை அடிப்பது. டிஷ் தான் எங்கே இருக்கிறது, மணி என்ன என்று தெரிந்துகொண்டுதான் வானத்தில் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று கணக்குப் போடுகிறது. இருக்கும் இடமே தெரியாத டிஷ், செயற்கைக்கோளைத் தேடிக்கொண்டே இருக்கும்.

ஜிபிஎஸ்ஸை அடிப்பது ஏன் அவ்வளவு எளிது? அது 20,200 கிலோமீட்டர் தாண்டி வருகிறது. ஒரு வாட்டைக் கோடி கோடிப் பங்காக்கி, அதில் ஒரு பங்கை மறுபடி நூறாகப் பிரித்தால் எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவு சக்திதான் நம் ஆன்டெனாவை வந்து தொடும். சில வாட் கருவி ஒன்று பல கிலோமீட்டருக்கு அதை மூழ்கடித்துவிடும். ஆனால் ஜிபிஎஸ் வரும் 1575.42 மெகாஹெர்ட்ஸில் இரைச்சலைத் திறந்துவிட்டால், இது இணைய டிஷ்ஷுக்கு, அது ஆம்புலன்ஸுக்கு என்று பிரித்துப் பார்க்காது. கப்பல், விமானம், ஜிபிஎஸ் கடிகாரத்தை நம்பி ஓடும் செல்போன் கோபுரம் எல்லாம் அதில் அகப்படும்.

2024இல் ஏப்ரல் இறுதியிலிருந்து ஒரு மாதத்துக்கு, பின்லாந்தின் ஃபின்ஏர் எஸ்டோனியாவின் தார்த்து நகருக்கு விமானம் விடுவதையே நிறுத்தியது. அங்கே இறங்கும் முறை ஜிபிஎஸ்ஸை நம்பியிருந்தது, ஜிபிஎஸ் கிடைக்கவில்லை. 2025 ஜூனில் பாரசீக வளைகுடாவிலும் ஹோர்முஸ் நீரிணையிலும் ஒரே நாளில் 900க்கும் மேற்பட்ட கப்பல்களின் இடக்குறிப்பு கெட்டதாகக் கப்பல் தரவு நிறுவனம் ஒன்று சொன்னது. அந்தப் பாதையில் எண்ணெய்க் கப்பல்கள் எவ்வளவு நெருக்கமாகப் போகின்றன என்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த எண்ணின் பொருள் தெரியும்.

இனி, நிலத்தில் இருப்பவர்களின் பக்கத்துக்கு வருகிறேன்.

எங்கள் செகண்ட் இன்ஜினியர் ஈரான்காரர். அவர் பெயரையும் ஊரையும் எழுதப்போவதில்லை. 2026 ஜனவரி 8ஆம் தேதி அங்கே இணையம் அணைக்கப்பட்டபோது நாங்கள் நடுக்கடலில் இருந்தோம். எங்கள் டிஷ் நன்றாக வேலை செய்தது. மெஸ்ஸில் பையன்கள் வீட்டோடு வீடியோவில் பேசிக்கொண்டிருப்பார்கள். இவர் ஓரமாக உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருப்பார். அம்மாவுக்கு அனுப்பிய செய்திக்குக் கீழே ஒற்றை டிக். மறுநாளும் ஒற்றை டிக். கேட்டால், "பேட்டரி பார்க்கிறேன்" என்பார். பதினோராம் நாள் காலை ஜெனரேட்டர் பக்கம் நான் வேலையாக இருந்தபோது ஓடி வந்து போனை என் காதில் வைத்தார். பதினான்கு நொடிக் குரல் செய்தி. எனக்கு மொழி தெரியாது. ஒரு வயதான அம்மாவின் குரல் என்று மட்டும் தெரிந்தது. அதை அவர் அன்றைக்கு எத்தனை தடவை கேட்டார் என்று எண்ணவே முடியாது.

அது எப்படி வந்தது என்று பிறகு சொன்னார். அவர்கள் தெருவில் ஒரு வீட்டில் டிஷ் இருந்தது. 2025இல் கொண்டுவந்த சட்டப்படி அதை வைத்திருப்பதற்கே சிறை. ஜாமிங் தொடங்கியதும் அது வெறும் பலகையாகிவிட்டது. டிஷ்ஷின் அமைப்புகளுக்குள் போய், ஜிபிஎஸ்ஸை விட்டுவிட்டு அதன் சொந்தச் செயற்கைக்கோள்களைக் கொண்டே இடத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லிப் பார்த்தார்கள். கொஞ்சம் உயிர் வந்தது. அப்புறம் மொட்டை மாடியில் வறண்டு கிடந்த சிமென்ட் தொட்டிக்குள் அதை இறக்கினார்கள். ஜாமர் தரையில் இருக்கிறது, அதன் இரைச்சல் பக்கவாட்டில் வருகிறது. செயற்கைக்கோள் தலைக்கு மேலே. தெருவிளக்கைக் கையால் மறைத்துக்கொண்டு நட்சத்திரம் பார்ப்பதைப் போலத்தான். சுற்றிலும் கம்பி வலை கட்டினார்கள், மேலே மட்டும் வானம் திறந்திருந்தது. உக்ரைன் போர்முனையில் டிஷ்ஷைக் குழி தோண்டி வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

அப்படியும் முழுசாக வரவில்லை. அந்த நாட்களில் ஈரானில் ஸ்டார்லிங்கில் தரவுத் துண்டுகளான பாக்கெட்டுகளில் நூறு அனுப்பினால் முப்பது தொலைந்ததாகவும், சில இடங்களில் எண்பது வரை தொலைந்ததாகவும் இணையத்தைக் கண்காணிப்பவர்கள் சொன்னார்கள். முப்பது தொலைந்தால் பேச்சு துண்டு துண்டாகிவிடும். எழுத்துச் செய்தி மட்டும் தொலைந்த பாக்கெட்டை மறுபடி மறுபடி அனுப்பி எப்படியோ போய்ச் சேரும். எண்பது தொலைந்தால் அதுவும் ஒரு தவம்தான். அதனால் யாரும் போன் பேசவில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு சிறிய குரல் செய்தி என்று முறை வைத்தார்கள். இரவில் வரிசையாக வந்து, பதிவு செய்ததைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். உள்நாட்டு ஆப் எதையும் அந்த இணைப்பில் திறக்கக்கூடாது, திறந்தால் ஸ்டார்லிங்க் வழியாக வருகிறவர் யார் என்று அந்த ஆப்பே காட்டிக்கொடுத்துவிடும் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லித்தான் விட்டார்கள். வைஃபைக்கு ஏதோ ஒரு பழைய பிரிண்டரின் பெயரை வைத்திருந்தார்கள்.

இத்தனை பாடும் ஓர் அம்மா தன் மகனிடம் பதினான்கு நொடி பேசுவதற்கு.

மக்கள் வழி கண்டுபிடித்துக்கொள்வார்கள் என்பது உண்மைதான். சோவியத் காலத்தில் நகரங்களைச் சுற்றி வைத்த ஜாமர்களிலிருந்து தப்பிக்க, வெளிநாட்டு வானொலி கேட்பதற்கென்றே நகரத்தை விட்டு வெளியே போனார்கள். ஈரானில் 2016இலிருந்து 'தூஷே' என்று ஒன்று இயங்கியது. சாதாரணச் செயற்கைக்கோள் டிவி சேனல் போல வரும். அதை டிவி ரிசீவர் பெட்டியில் யுஎஸ்பி செருகிப் பதிவு செய்து, கம்ப்யூட்டரில் பிரித்தால் உள்ளே செய்திகளும் பாடங்களும் மென்பொருளும் இருக்கும். ஒரு வழிப் பாதைதான், ஆனால் பார்க்கிறவர் எதையும் அனுப்புவதில்லை என்பதால் அவரைக் கண்டுபிடிக்கவும் முடியாது. சூடானில் 2024 பிப்ரவரியில் நாடு முழுக்க இணைப்பு போனபோது, ஒரு டிஷ்ஷைச் சுற்றி ஊரே கூடி உறவினர்களிடம் பணம் அனுப்பச் சொல்லிக் கேட்டது. இதையெல்லாம் பார்த்து நான் மலைத்துப்போகிறேன். ஆனால் மக்களின் இந்தச் சாமர்த்தியம், நீங்கள் சும்மா இருப்பதற்கு ஒரு சாக்காகிவிடக்கூடாது. தொட்டிக்குள் டிஷ் இறக்கத் தெரியாத வீடுகள்தான் அதிகம்.

உங்கள் பக்க நியாயத்தையும் ஒப்புக்கொள்கிறேன். தன் மண்ணில் எந்த டிரான்ஸ்மிட்டர் இயங்கலாம் என்று உரிமம் தரும் அதிகாரம் ஒவ்வொரு நாட்டுக்கும் இருக்கிறது. அது இல்லாவிட்டால் அலைவரிசைகள் சந்தைக் கூச்சலாகிவிடும், அது என் தொழிலுக்கே கேடு. அனுமதியில்லா டிஷ்கள் நல்லவர்கள் கையில் மட்டும் இருப்பதும் இல்லை. 2025 அக்டோபரில் மியான்மர் மோசடிக் கூடங்களைச் சுற்றி இருந்த 2,500க்கும் மேற்பட்ட டிஷ்களை ஸ்பேஸ்எக்ஸ் அணைத்தது. அது சரியான வேலை. உரிமம் கேட்பதை நான் எதிர்க்கவில்லை.

ஆனால் இரண்டு தட்டுகளையும் பாருங்கள். அனுமதியில்லாமல் ஸ்டார்லிங்க் இயங்குகிறது என்று ஈரான் புகார் கொடுத்தபோது, 2023இல் இந்த வாரியம் அதை ஏற்றது. செயற்கைக்கோள்களைப் பதிவு செய்திருந்த அமெரிக்காவையும் நார்வேயையும் பெயர் சொல்லிக் கேட்டது. எந்தப் பிரிவு மீறப்பட்டது என்று எழுதியது. அடுத்து மாநாட்டுப் பொருளாகவும் வந்துவிட்டது. மறுபக்கம், ஜாமிங். 2023 மாநாட்டில் செயற்கைக்கோள் வழிகாட்டல் சிக்னல்களைக் காக்கச் சொல்லி 676ஆம் தீர்மானம் போட்டீர்கள். 2025 மார்ச்சில் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு, சர்வதேசக் கடல்சார் அமைப்பு இரண்டோடும் சேர்ந்து ஆழ்ந்த கவலை தெரிவித்தீர்கள். நல்லது. அந்தக் கூட்டறிக்கை எந்த நாட்டையும் பெயர் சொல்லவில்லை. மூன்று மாதத்தில் ஹோர்முஸில் என்ன நடந்தது என்று மேலே எழுதியிருக்கிறேன்.

விதி இல்லை என்று சொல்ல முடியாது. சாசனத்தின் 45ஆவது பிரிவு தீங்கான குறுக்கீட்டைத் தடுக்கிறது. வானொலி ஒழுங்குவிதி 15.1, தேவையற்ற ஒலிபரப்பையும் பொய்யான, ஏமாற்றும் சிக்னலையும் வெளிப்படையாகத் தடை செய்கிறது. எங்கள் கப்பலை ஓடுபாதையில் ஏற்றியது ஏமாற்றும் சிக்னல் இல்லையென்றால் வேறு எதுதான் ஏமாற்றும் சிக்னல்? தப்பிக்கும் வாசல் 48ஆவது பிரிவில் இருக்கிறது: இராணுவ வானொலிக்கு முழுச் சுதந்திரம். ஜாமரை ஓட்டுகிறவர் சீருடையில் இருந்தால் போதும், கேள்வி அங்கேயே நின்றுவிடுகிறது. தன் நகரத்து மொட்டை மாடிகளை நோக்கி ஓர் அரசு இரைச்சல் கொட்டுவது எந்த நாட்டோடு நடத்தும் போர்?

இன்னொன்று. 35ஆவது பிரிவின்படி ஒரு நாடு சர்வதேசத் தொலைத்தொடர்பை நிறுத்தி வைக்கலாம், ஆனால் பொதுச்செயலாளர் வழியாக மற்ற நாடுகளுக்கு உடனே சொல்லிவிட வேண்டும். நிறுத்துவதற்கே சொல்ல வேண்டும் என்று விதி இருக்கிறது. அதே காரியத்தை ஜாமரால் செய்தால் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று ஆகிவிட்டிருக்கிறது. என் ஒன்றரை மணி நேரமும், செகண்ட் இன்ஜினியரின் பதினோரு நாளும் அந்த மௌனத்தில் போனவை.

ஆகவே நான் கேட்பது இவை.

ஷாங்காயில் 1.5ஐ எடுக்கும்போது ஜாமிங்கையும் அதே மேசைக்குக் கொண்டுவாருங்கள். டிஷ்ஷை அணைக்கச் சொல்லும் விதி எழுதினால், ஒரு நாடு தன் மக்கள் அனைவருக்கும் இணையத்தை அணைத்து வைத்திருக்கும் நாட்களில் அந்த நாட்டின் கோரிக்கை செல்லாது என்று அதே விதியில் சேருங்கள்.

எந்தக் காரணத்துக்காகவும், இராணுவக் காரணம் உட்பட, செயற்கைக்கோள் சிக்னலை அடைக்கும் நாடு, எந்தப் பகுதி, எந்த அலைவரிசை, எந்த நேரம் என்று முன்கூட்டியே கடல் எச்சரிக்கையும் விமான எச்சரிக்கையும் விட வேண்டும் என்று கட்டாயமாக்குங்கள். பீரங்கிப் பயிற்சிக்கு நாடுகள் இதைச் செய்கின்றன. ஜாமருக்கும் செய்ய முடியும்.

2026 நவம்பரில் தோஹாவில் கூடும், சாசனத்தைத் திருத்தும் அதிகாரமுள்ள முழு அதிகார மாநாட்டில் 48ஆவது பிரிவைத் திறந்து பேசுங்கள். சொந்த நாட்டுக் குடிமக்கள் பயன்படுத்தும் சேவையை முடக்குவதற்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்று தெளிவாக்குங்கள்.

35ஆவது பிரிவின்கீழ் வரும் அறிவிப்புகளை வந்த அன்றே பொதுவில் வெளியிடுங்கள். ஒரு நாடு இருண்டு கிடந்து, அறிவிப்பும் வரவில்லை என்றால் அதையும் வெளியிடுங்கள். குறுக்கீடு எந்த நாட்டிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கப்பட்டால், அமெரிக்காவையும் நார்வேயையும் பெயர் சொன்னதைப் போலவே ஒவ்வொரு முறையும் அந்த நாட்டையும் பெயர் சொல்லுங்கள்.

கடைசியாக, புகார் கொடுக்கும் உரிமை இன்று அரசுகளிடம் மட்டும் இருக்கிறது. பாதிக்கப்படுகிறவரின் அரசே ஜாமரை ஓட்டினால் அவர் எங்கே போவார்? மாலுமி, விமானி, வீட்டில் டிஷ் வைத்திருப்பவர் என எவரும் தன் அடையாளம் வெளியே வராமல் நேரடியாகப் பதிவு செய்ய ஒரு வழி திறங்கள். அன்றைய இரவின் பதிவுகள் என்னிடம் இருக்கின்றன: ஜிபிஎஸ் போன நிமிடம், பொய் இடம் வந்த நிமிடம், ரேடாரில் எடுத்த உண்மையான இடங்கள், சிக்னல் திரும்பிய நேரம். நான்கு பக்கம். அதை எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று எனக்குப் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சரக்குக் கப்பலின் மின்-மின்னணு அதிகாரி